நாற்பத்து மூன்று சொந்தங்கள்

ஈப்போ
2603 மார்ச் 8
(லாரிக்கார சீனி கையில்)

அன்புள்ள அக்கா ராமலட்சுமிக்கு,

தம்பி பெத்தபெருமாள் எழுதுகிறேன். கஞ்சியோ கிழங்கோ, வேளைக்கு ஏதோ கிடைக்கிறது. உடம்பு நன்றாக இருக்கிறது. உனக்கு முழங்கால் வலி குறைந்ததா? மச்சானுக்கு இழுப்பு வராமல் இருக்கிறதா?

ஒரு நல்ல சேதி. சிறையில் எங்களுக்கென்று பயிற்சிப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். ஆறு மாதப் படிப்பு. நாற்பது வார்டர்களில் பன்னிரண்டு பேரைப் பொறுக்கினார்கள், அதில் உன் தம்பியும் ஒருவன். வெள்ளைக்காரன் காலத்தில் எங்களுக்கு யார் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு பெல்ட், ஒரு விசில், ஒரு சாவிக் கொத்து. போய் நில் என்றான், நின்றோம். இப்போது பாடம் உண்டு, பரீட்சை உண்டு. முதலாவதாக வருகிறவனுக்குத் தலைமை வார்டர் பதவியும் கூடுதல் அரிசியும்.

முதல் வேலையாகச் சொந்தக்காரர் பட்டியல் கேட்டிருக்கிறார்கள். சொந்தக்காரனைச் சொந்தக்காரன் காவல் காக்கக் கூடாதாம். நியாயம்தானே? மற்றவர்கள் அரைப் பக்கம் எழுதிவிட்டுத் திருட்டு முழி முழிக்கிறார்கள். நான் நாலு பக்கம் கொடுக்கப் போகிறேன். நம் ஆட்கள் எல்லோரையும் எழுதி அனுப்பு. மச்சானோடு ஒரே கப்பலில் வந்தவர்களை அண்ணன், தம்பி என்று முறை வைத்துத்தானே கூப்பிடுகிறோம், அவர்களில் ஒருவரையும் விடாதே. வயது, வேலை, முறை மூன்றையும் போடு.

சாலாவைப் பார்த்துக்கொள். ஈப்போவில் சிப்பாய்கள் தொல்லை என்றுதான் கல்யாணமான கையோடு அவளை உன்னிடம் விட்டேன். அவளைப் பற்றி எழுதுவதென்றால் சீனி கையில் மட்டும் கொடு. தபாலைப் பிரித்துப் படிக்கிறார்கள்.

உன் தம்பி,
பெத்தபெருமாள்

*

ஆத்தோரத் தோட்டம், சுங்கை சிப்புட்
பங்குனி 8
(சீனி கையில்)

தம்பி பெத்துவுக்கு,

அக்காவின் ஆசி. உன் சப்பானிய 2603 வருஷக் கணக்கு எனக்கு வராது. நான் பங்குனி, சித்திரை என்றுதான் எழுதுவேன், உன் வாத்தியாரிடம் சொல்லிக்கொள். இங்கே எல்லோரும் மரவள்ளியைத் தின்று மரவள்ளியாகவே போய்விட்டோம். மற்றபடி சுகம். சாலா நேற்று என்னோடு ரப்பர் மரம் சீவ வந்தாள். கத்தியைப் பிடிக்கிறாளே ஒரு பிடி, பார்த்தால் மரமே அழும்.

பட்டியல் கேட்டாய். நாலு நாள் உட்கார்ந்து எழுதினேன். நாற்பத்து மூன்று பேர்! உன் வாத்தியார் வாயைப் பிளக்கட்டும், நாதியில்லாத பிள்ளை என்று உன்னை யாரும் நினைக்கக் கூடாது. கப்பல் உறவு மட்டும் நாற்பத்தொன்று. ஜெயபாலனை முதலில் போட்டிருக்கிறேன். கடலில் உன் மச்சான் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தபோது தலையைப் பிடித்தவர் அவர்தான். கூடப் பிறந்தவன்கூட அப்படிப் பிடிக்க மாட்டான். அவர் பெண்சாதி பாப்பா, "எங்க பேரையும் போட்டீங்களா அக்கா? தம்பி பெரிய ஆளாயிட்டா எங்களுக்கும் ஒரு பேரு லா" என்று சிரித்தாள்.

நாற்பத்திரண்டாவது நான். நாற்பத்து மூன்றாவது இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். உன் மச்சான் பெயரை நான் வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதப் போவதும் இல்லை. அதை நீயே எழுதிக்கொள். சாலாவையும் நீயே சேர்த்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா

*

ஈப்போ
2603 ஏப்ரல் 30
(தபாலில்)

அன்புள்ள அக்காவுக்கு,

நிப்பொன் அரசாங்கத்தின் கருணையில் நலமாக இருக்கிறேன். நீங்கள் அனைவரும் நலமாக உழைத்து வருவீர்கள் என்று நம்புகிறேன்.

பட்டியலுக்கு எனக்குத் தொண்ணூற்றெட்டு மார்க். பள்ளித் தலைவர் அதை மற்றவர்களுக்குத் தூக்கிக் காட்டினார். பாடங்கள் மிகவும் பயனுள்ளவை. கைதிக்குப் பெயர் கிடையாது, இலக்கம்தான். காலை ஏழு மணிக்கு எண்ணிக்கை. அது முந்தின நாள் எவ்வளவோ அவ்வளவு இருக்க வேண்டும். சோதனை போடும்போது நாக்கின் அடியில் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு இத்தனை வருடமாகத் தெரியவில்லை, வெட்கம். எங்கே அடித்தால் வலிக்கும், எங்கே அடித்தால் தழும்பு தெரியாது என்பதற்குச் சுவரில் மனித உருவம் வரைந்து விளக்கினார்கள். உள்ளங்காலைச் சிவப்பில் தீட்டியிருந்தார்கள்.

போன வாரம் செய்முறைப் பரீட்சை. ஆளுக்கொரு கைதி. கை நடுங்கியவனுக்குச் சைபர். அக்கா, எனக்கு நடுங்கவில்லை.

தங்கள் தம்பி,
பெத்தபெருமாள்

*

ஆத்தோரத் தோட்டம்
வைகாசி 3
(சீனி கையில்)

பெத்துவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். உன் மச்சானுக்கு இரண்டு நாளாக இழுப்பு. சுடுதண்ணீர் குடித்துத் தணிந்தது.

உன் போன கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கை நடுங்கவில்லை என்று பெருமையாக எழுதியிருக்கிறாயே, அடிபட்டவன் யாரடா? பள்ளிக்கூடத்தில் உன் கையில் பிரம்பு பட்டபோது மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தவன் நீ. சரி, உத்தியோகம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

முந்தாநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் இரண்டு சிப்பாய்களும் ஒரு மொழிபெயர்ப்பாளனும் வந்து நின்றார்கள். உன் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டான். எங்கள் ஆட்களுக்கு ஒரே குஷி. கல்யாணத்தில் மொய் வாசிக்கிற மாதிரி கையைத் தூக்கி, "நாந்தாங்க, நாந்தாங்க" என்று சிரித்தார்கள். ஜெயபாலன் ஒரு படி மேலே போய்ச் சலாம் வைத்தார்.

எல்லாப் பெயரும் வந்தது. சாலா பெயர் மட்டும் வரவில்லை. பக்கத்தில் நின்றவளைப் பார்த்தேன், முகம் இவ்வளவாகிவிட்டது. "மறந்திருப்பாரு மதினி, பேரு நெறையல்ல" என்று அவளே சமாதானம் சொன்னாள். பொண்டாட்டியை மறந்த மகராசா, இதற்கு என்ன பதில்?

அக்கா

*

ஈப்போ
2603 ஜூன் 9
(சீனி கையில்)

அக்காவுக்கு,

நலம். மச்சானுக்குத் தூதுவளை கிடைத்தால் கஷாயம் வைத்துக் கொடு.

மனைவி பெயர் அந்தப் பட்டியலில் வராது. அதற்குத் தனித் தாள். பள்ளியின் விதி. சாலாவிடம் சொல்லிவிடு. இதைப் பெரட்டில் யாரோடும் பேச வேண்டாம், ஆபீஸ் கிராணியிடமும் பேச வேண்டாம்.

அடித்தது யாரை என்று கேட்டிருந்தாய். இலக்கம்தான் தெரியும்.

பெத்தபெருமாள்

*

ஆத்தோரத் தோட்டம்
ஆனி 20
(சீனி கையில்)

பெத்து,

சுகம் விசாரிக்க நேரமில்லை. ஜெயபாலனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நேற்றுப் பால் நிறுக்கிற நேரத்தில் வந்தார்கள். பட்டியலை விரித்து அவர் பெயரில் விரலை வைத்தான் மொழிபெயர்ப்பாளன். "உன் சொந்தக்காரன் வார்டர் காவலில் ஓர் ஆள் குறைகிறது, வா" என்றான். அவ்வளவுதான். வாளியைக் கீழே வைக்கக்கூட விடவில்லை, பால் எல்லாம் மண்ணில் போயிற்று.

பாப்பா என் வாசலில் விழுந்து புரள்கிறாள். "உன் கையாலதானே எழுதுன! உன் கை அழுவிப் போவ!" என்கிறாள். தண்ணிக் குழாயில் நான் போய் நின்றால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். ஆமாம், என் கைதான் எழுதியது.

அவர் நமக்கு ரத்தமா, கொண்டான் கொடுத்தானா? கப்பலில் வந்த உறவு. இந்த வெட்டிப் பெருமை நம் ஆட்களுக்குத்தான் உண்டு; அது அந்தச் சப்பானியனுக்கு எப்படிப் புரியும்? போய்ச் சொல். அவர் உனக்கு ஒன்றுமே இல்லை, அக்கா தெரியாமல் எழுதிவிட்டாள் என்று என் தலையில் போட்டுச் சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன்.

அக்கா

*

ஈப்போ
2603 ஜூலை 18
(சீனி கையில்)

அக்கா,

இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

என் காவலில் இருந்த 212 தப்பிவிட்டான். தூக்குத் தண்டனை விதித்து வைத்திருந்த சீனன். தண்ணீர் வண்டிக்குள் ஒளிந்து போனான் என்கிறார்கள். எண்ணிக்கை குறையக் கூடாது. குறைந்தால் அந்த வார்டரின் பட்டியலிலிருந்து ஓர் ஆள் வந்து அந்த இலக்கத்தில் நிற்க வேண்டும். ஓடிப்போனவன் பிடிபட்டால் நின்றவனை விட்டுவிடுவார்கள். எப்படியும் பிடித்துவிடுவார்கள்.

என்னைத்தான் ஓர் ஆளைச் சொல்லச் சொன்னார்கள். ஜெயபாலன் என்றேன். பட்டியலில் முதல் பெயர் அதுதான்.

நீ ஒன்றும் செய்யாதே. மனு எழுதாதே. கப்பல் உறவு உறவில்லை என்று யாரிடமும் வாயைத் திறக்காதே. ஏன் என்று கேட்காதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், அந்த நாற்பத்தொரு பேரும் அப்படியே இருக்கட்டும்.

பெத்து

*

ஆத்தோரத் தோட்டம்
ஆடி 16
(சீனி கையில்)

பெத்து,

உன் கடிதம் வந்து சேர்வதற்குப் பத்து நாள் முன்னாலேயே மனுக் கொடுத்துவிட்டேன். சீனியின் லாரி சுங்காய் ஊர்ப் பக்கம் போய்ப் பழுதாகிக் கிடந்ததாம். கிராணியிடம் போய், ஜெயபாலன் வார்டருக்கு உறவே இல்லை, கப்பலில் கூட வந்தவர்கள் யாருமே உறவில்லை என்று சொல்லி எழுத வைத்துக் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கினேன். நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் ஓடி வந்து போட்டார்கள். பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட நிறைவு எனக்கு.

நேற்றுச் சிப்பாய்களின் லாரி வந்தது. ஜெயபாலன் இறங்கினார். பாப்பா ஓடினாள், லயத்து வீடெல்லாம் ஓடியது, நானும் ஓடினேன். சிப்பாய் தாளைக் காட்டினான். நாற்பத்தொரு பெயரையும் சிவப்பில் அடித்திருந்தது. அடிக்காதது கடைசி இரண்டு பெயர். மொழிபெயர்ப்பாளன் உன் மச்சானைக் கூப்பிட்டான். உன் மச்சான் என்னைப் பார்த்து, "பொட்டலத்துல பொயல இருக்கா பாரு" என்றார். நான் உள்ளே போய் எடுத்து வருவதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

பெத்து, உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் கேட்கிறேன். அவருக்கு இழுப்பு. ஈரத் தரையில் படுத்தால் மூச்சு நிற்கும். நீ அங்கேதானே இருக்கிறாய்? அவரை விட்டுவிடச் சொல். முடியாதென்றால் சுடுதண்ணீராவது கொடு. உடனே எழுது.

அக்கா

*

ஈப்போ
2603 செப்டம்பர் 12
(தபாலில்)

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். தங்கள் மூன்று கடிதங்களும் கிடைத்தன. பணிச் சுமையால் பதில் எழுதத் தாமதமாயிற்று.

தாங்கள் கேட்ட சன்னாசி என்ற பெயரில் கைதி எவரும் சிறைப் பதிவேட்டில் இல்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

பயிற்சி நிறைவடைந்தது. முதல் மாணவனாகத் தேறினேன். தலைமை வார்டர் பட்டை கொடுத்திருக்கிறார்கள். அடுத்த அணிக்கு எண்ணிக்கைப் பாடம் நடத்தும் பொறுப்பும் என்னுடையது.

தங்கள் தம்பி,
பெத்தபெருமாள்

*

ஆத்தோரத் தோட்டம்
புரட்டாசி 5
(சீனி கையில்)

வார்டருக்கு,

ஜெயபாலன் ஒரு மாதத்துக்கு மேலாக வாயே திறக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உன் தபாலை அவர் முன்னால் வைத்து வாய்விட்டுப் படித்தேன், இதுவரை சொல்லாத என் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்து. 'சன்னாசி என்ற பெயரில் கைதி எவரும் இல்லை' என்ற இடம் வந்ததும் மனுஷன் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கடைசியில் வாந்தியெடுத்தார். அப்புறம் பேசினார்.

உன் பாடமெல்லாம் தெரிந்துகொண்டேன். காலையில் நீ 212 என்று கூப்பிட வேண்டும், அவர் ஜப்பான் பாஷையில் ஆமாம் என்று சொல்ல வேண்டும். சொந்தப் பெயரைச் சொன்னால் உள்ளங்காலில் அடி. ஜெயபாலனுக்கு மூன்று நாளில் பாடமாகிவிட்டதாம். மாற்றிவிட்ட இரண்டாம் நாள் விடுதலைத் தாளில் கைநாட்டு வாங்க அவரைத் திரும்பக் கூட்டிப் போய் வாசல் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே புது 212 'சன்னாசி', 'சன்னாசி' என்று கத்தியதைக் கேட்டிருக்கிறார். அடித்த கை யாருடையது என்றும் பார்த்திருக்கிறார்.

உள்ளே மற்ற வார்டர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு இன்னும் ஒன்று சொன்னார். உங்கள் பன்னிரண்டு பேருக்கும் முதல் நாளே அந்தப் பட்டியல் எதற்கென்று சொல்லிவிட்டார்களாமே! அதனால்தான் மற்றவர்கள் அரைப் பக்கம் எழுதினார்களாம். ஆள் குறைந்தால் வார்டரே அந்த இடத்தில் நின்றுகொள்ளலாம் என்றும் ஒரு விதி இருக்கிறதாமே! அந்தப் பாடத்தில் உனக்கு எத்தனை மார்க்?

சாலா பெயரை நீ மறக்கவில்லை. அதை எழுதாமல் விட உனக்குத் தெரிந்திருக்கிறது.

அவர் உயிரோடு இருக்கிறாரா? அதற்கு மட்டும் பதில் சொல்.

ராமலட்சுமி

*

ஈப்போ
2603 செப்டம்பர் 30
(சீனி கையில்)

அக்கா,

அப்படி உன்னைக் கூப்பிட எனக்கு வாயில்லை. ஆனாலும் வேறு எப்படிக் கூப்பிடுவேன்?

தெரிந்துதான் கேட்டேன். சாலாவைக் கட்டியது சிறையில் யாருக்கும் தெரியாது, அதனால் அவளை விட முடிந்தது. உன்னையும் மச்சானையும் விட முடியாது. வேலையில் சேரும்போதே எழுதிக் கொடுத்த பெயர்கள். இரண்டே பெயரோடு பட்டியல் போனால், ஓர் ஆள் குறைந்தாலும் மச்சான்தான். அதற்காகத்தான் கப்பல் உறவை எல்லாம் கேட்டு வாங்கினேன். மச்சானுக்கு முன்னால் நாற்பத்தொரு பேரை நிறுத்தினேன் அக்கா. மார்க்குக்காக மட்டும் இல்லை. மார்க்குக்காகவும்தான். நீ அந்த நாற்பத்தொரு பேரையும் எடுத்துவிட்டாய்.

நீ வெறுமையாக விட்ட இடத்தில் மச்சான் பெயரை நான்தான் எழுதினேன்.

நானே நின்றிருக்கலாம். அந்த அதிகாரி ஒரு நிமிடம் கொடுத்தார், மேஜையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்து. பயந்துவிட்டேன்.

அடித்தது நான்தான். வேறு ஒருவன் அடித்தால் எலும்பை உடைப்பான். எனக்கு அளவு தெரியும். நாலு நாள் அவர் பெயரைத்தான் சொன்னார். ஐந்தாம் நாள், "விடுடா பெத்து, சொல்லிடறேன். ஒனக்கு வேர்க்குது" என்றார். அதற்கப்புறம் ஒரு நாளும் தவறவில்லை. நான் அவருக்கு யார் என்று மற்றக் கைதிகள் எவரிடமும் அவர் சொல்லவில்லை. சுடுதண்ணீர் இரண்டு தரம் கொடுத்தேன்.

212-இன் தண்டனைத் தேதி செப்டம்பர் 28. தலைமை வார்டர்தான் அழைத்துப் போக வேண்டும் என்பது விதி.

சீனியிடம் புகையிலை கொடுத்தனுப்ப வேண்டாம்.

பெத்து

*

ஆத்தோரத் தோட்டம், சுங்கை சிப்புட்
2603 அக்டோபர் 15
(தபாலில்)

தலைமை வார்டர் பெத்தபெருமாள் அவர்களுக்கு,

உங்கள் மனைவி சாலா எழுதிக்கொண்டது. நான் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க மனம் வரவில்லை, மன்னிக்கவும்.

மதினி உங்களுக்கு இனி எழுத மாட்டார்கள். உங்கள் கடைசிக் கடிதத்தை என்னிடம் கொடுத்து, "படிச்சுச் சொல்லு, எனக்குக் கண்ணு தெரியலே" என்றார்கள். முழுவதையும் படித்தேன். மதினி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மறுநாள் காலையில் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு மரம் சீவப் போனார்கள். பாப்பா கூடவே போகிறாள். வீட்டுக்கு வந்தால் மதினி என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பதில்லை. என்னைத் திட்டுவதும் இல்லை. திட்டினாலாவது நான் இந்த வீட்டில் ஒருத்தியாக இருந்திருப்பேன்.

இந்தத் தோட்டத்தில் ஒவ்வொரு வீட்டுப் பெயரையும் நீங்கள் விற்றீர்கள். மிச்சம் வைத்தது என்னை மட்டும். தண்ணிக் குழாயில் எல்லோரும் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதைத் தாங்க என்னால் முடியவில்லை. நான் உங்களிடம் கேட்டேனா, என்னை மட்டும் காப்பாற்றுங்கள் என்று? மதினியின் மஞ்சளைக் கொடுத்துத்தான் எனக்கு மஞ்சள் வேண்டுமா?

இதைச் சீனியிடம் கொடுக்கவில்லை. அவர் லாரியைத் திருப்பும்போதே நான் தபால் பெட்டிக்கு நடந்துவிட்டேன். உங்களுக்கு முன்னால் வேறொருவர் இதைப் பிரித்துப் படிப்பார் என்று தெரியும். படிக்கிற ஐயாவுக்கு வணக்கம். உங்கள் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது, தயவுசெய்து சேர்த்துக்கொள்ளவும்.

பெயர்: சாலா. வயது: இருபது. வேலை: மரம் சீவுதல். இடம்: ஆத்தோரத் தோட்டம், மூன்றாம் லயம், நாலாவது கதவு. முறை: மனைவி.

மற்றதைப் படிக்க வேண்டியவர் நீங்கள். நாளைக் காலையும் ஏழு மணிக்கு எண்ணுவீர்கள். ஆள் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் அந்தக் கடிகாரத்தை மறுபடியும் கழற்றி வைப்பார்கள். என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். பொயலைப் பொட்டலத்தை இப்போதே மடியில் கட்டிக்கொண்டுதான் பெரட்டுக்குப் போகிறேன். மதினி வீட்டுக்காரர் போன இடத்துக்கு நானும் போனால் அவரிடம் கொடுக்க.

இப்படிக்கு,
சாலா